மார்ச் பதினான்காம் தேதிப் பதிவு

இராஜமாணிக்கம் 1936 ஆகஸ்டு மாதம் சிரம்பான் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது ஐம்பத்திரண்டு. நிமோனியா. முதலில் வலது நுரையீரல், பிறகு இடது. ஆறாம் நாள் காலை ஏழேகால் மணிக்கு மூச்சு நின்றது.

அதற்கு முந்தின நாள், கட்டில் தலைமாட்டில் தொங்கிய காய்ச்சல் அட்டையை எடுத்துத் தரச் சொல்லி வாங்கிப் பார்த்தார். மாலை நாலு மணிக் கட்டம் காலியாக இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். சின்னப் பெண், பயந்துபோய் அங்கேயே நின்று ஒரு எண்ணைப் போட்டு நிரப்பினாள்.

"அளக்காம எழுதாதம்மா," என்றார்.

அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டதைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை.

மம்பாவ் என்ற ஊரில் இருந்த வீட்டில் அவருடைய பெட்டிக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதில் பதினாறு தாள்கள். மூத்த மகன் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தான். பதினாறும் ஒரே நாளைப் பற்றியவை. 1917 மார்ச் பதினான்காம் தேதி, புதன்கிழமை. பதினைந்தில் அவர் கையெழுத்து மட்டும் இருந்தது. கடைசித் தாளில் ஒரு பெண்ணின் கைரேகை.

இராஜமாணிக்கத்தின் ஊர் லால்குடிப் பக்கம். பாதிரிமார் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். இருபத்திரண்டு வயதில் கப்பலேறி வந்து, ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டுக்கட்டவும் மருந்து கலக்கவும் கற்றுக்கொண்டு, 1910இல் லிங்கி ஆற்றங்கரையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்கு டிரெசராகப் போனார். தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது பன்னிரண்டு கட்டில் போட்ட தகரக் கொட்டகை. காய்ச்சலுக்குக் கொயினா, புண்ணுக்கு அயோடின், வயிற்றுக்கு விளக்கெண்ணெய். பதினைந்து நாளுக்கொருமுறை வெள்ளைக்கார டாக்டர் வந்து, ஆஸ்பத்திரிப் புத்தகத்தைப் புரட்டி, பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

அந்தப் புத்தகம்தான் இராஜமாணிக்கத்தின் பெருமை. தேதி, பேர், வேலைக் கூட்டம், சீக்கு, காரணம், மருந்து என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்ட பெரிய புத்தகம். அவர் எழுதிய பக்கத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது. அப்படியே அடிக்க வேண்டிவந்தால் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் தன் பேரின் முதலெழுத்தைச் சின்னதாக எழுதுவார். காய்ச்சல் நூற்றிரண்டரை என்றால் நூற்றிரண்டரைதான், நூற்றுமூன்று ஆகாது.

புத்தகத்திலிருந்து தினமும் மாலை ஒரு சீக்கு லிஸ்ட் எடுக்க வேண்டும். அது ஆப்பீசுக்குப் போகும். மறுநாள் இருட்டுப் பிரியுமுன் ஆள் எடுக்கும் பெரட்டில், வேலைக்கு வராதவர் பேரையும் சீக்கையும் காரணத்தையும் ஆப்பீசில் கணக்கெழுதும் கிராணி உரக்க வாசிப்பார். பொய்ச் சீக்குப் போடுகிறவர்களை வெட்கப்படுத்த எந்தக் காலத்திலோ ஒரு துரை கொண்டுவந்த வழக்கம். நானூறு பேர் நின்று கேட்பார்கள். மூலம் என்று வாசித்தால் சிரிப்பார்கள். அந்த ஆளுக்கு ஆறு மாதத்துக்கு அதுவே பட்டப்பேர்.

சண்டை வந்தது. பெரிய துரை 1915இல் பட்டாளத்துக்குப் போனார். சின்ன துரையும் பின்னாலேயே போனார். பக்கத்துத் தோட்டத்துத் துரை வாரத்தில் இரண்டு நாள் மோட்டாரில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மிச்ச ஐந்து நாளும் தோட்டம் கண்டக்டர் திருநாவுக்கரசின் கையில் இருந்தது. வேலை பிரிப்பது அவர், பேர் வெட்டுவது அவர், லயத்தில் யாருக்கு எந்த அறை என்பதும் அவர். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். துரை இருந்த காலத்தில் குதிரைக்குப் பின்னால் நடந்து போனவர், சண்டை வந்த மறுவருஷம் அந்தக் குதிரையிலேயே ஏறினார்.

பஞ்சாலை புல்வெட்டுக் கூட்டத்தில் இருந்தாள். இருபது, இருபத்தோரு வயது. புருஷன் சன்னாசி பால்மரம் வெட்டுகிறவன். அந்தப் புதன்கிழமை ஆற்றோர நாற்றங்காலுக்கு ஒரு ஆள் போதும் என்று கண்டக்டர் அவளை மட்டும் பிரித்து அனுப்பினார். பிறகு தானும் போனார்.

பத்தரை மணிக்கு அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தனியாக, நடந்தே வந்தாள். வாசலில் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே ஏறினாள். பெண்களைப் பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரு ஆயா உண்டு. அவள் அன்றைக்குத் தங்கச்சி மகள் சடங்குக்கு ராசா என்ற ஊருக்குப் போயிருந்தாள். இராஜமாணிக்கம் மட்டும் இருந்தார்.

நடந்ததைப் பஞ்சாலை நாலு வாக்கியத்தில் சொன்னாள். யார், எங்கே, என்ன செய்தான், எந்நேரம். அழவில்லை. மணிக்கட்டில் விரல் பதிந்த சிவப்பு. முழங்கை உரிந்திருந்தது. முதுகில் ரவிக்கை கிழிந்து மண் அப்பியிருந்தது. சேலையில் ரத்தம். முக்காட்டுத் துணியைக் கழுத்தோடு இறுக்கிச் சுற்றியிருந்தாள். அந்த வெயிலில் அது தனியாகத் தெரிந்தது. அதை எடு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்நியப் பெண், கூட ஆயா இல்லை. தெரிந்த காயத்துக்கு மருந்து போட்டார். மற்றதற்குச் சுடுதண்ணீரும் துணியும் கொடுத்துத் தட்டிக்கு அப்பால் போகச் சொன்னார்.

அவள் திரும்பி வருமுன் புத்தகத்தைத் திறந்தார். தேதி எழுதினார். பேர் எழுதினார். காரணம் என்ற கட்டத்துக்கு வந்தபோது மறுநாள் பெரட்டு அவர் கண்முன் நின்றது. நானூறு பேர். கிராணியின் குரல். சன்னாசி முதல் வரிசையில் வாளியும் கையுமாக.

வழுக்கி விழுந்து அடி என்று எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லாமல், எப்போதும்போல் அழகாக.

பஞ்சாலை வெளியே வந்ததும் அதை அவளிடம் சொன்னார். நாளைக்கு உன் பேரை வாசிக்கும்போது ஒருத்தரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்று விளக்கினார். நல்லது செய்ததாகவே நினைத்தார்.

"நான் விழலீங்களே ஐயா," என்றாள்.

"தெரியும்மா. உன் மானத்துக்காகத்தான்."

அவள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பிறகு இறங்கிப் போனாள்.

மறுநாள் கிராணி வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை டாக்டர் வந்தார். அன்றைக்கு அவர் மனசு சரியில்லை. தம்பி பிரான்சில் காயம்பட்டிருந்தான். பெல்ஜியத்தில் ஜெர்மன் பட்டாளம் பெண்களுக்குச் செய்த கொடுமையைப் பற்றிப் பேசினார். அதையெல்லாம் ஒவ்வொரு சாட்சியாக விசாரித்து, வயது, ஊர், நாள் குறித்து, சர்க்கார் புத்தகமாகவே அச்சடித்திருக்கிறது என்றார். ஒரு பிரதியும் கையில் வைத்திருந்தார். எழுதி வைத்தால்தான் நாளைக்கு எவனும் இல்லையென்று சொல்ல முடியாது என்று மேசையைத் தட்டிச் சொன்னார். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் புத்தகத்தை இழுத்து, மார்ச் பதினான்கு இருந்த பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். புறப்படும்போது அந்த அச்சுப் புத்தகத்தை இராஜமாணிக்கத்திடம் படிக்கக் கொடுத்தார்.

இராஜமாணிக்கம் அன்றே படித்தார். அந்தப் பெண்களின் சொற்கள் பஞ்சாலையின் நாலு வாக்கியத்தைப் போலவே இருந்தன.

பெரட்டில் யாரும் சிரிக்காததால் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான். பஞ்சாலை அந்தப் புதன்கிழமை மாலையே சன்னாசியிடம் சொல்லிவிட்டிருந்தாள். சன்னாசி அவளைக் கைவிடவும் இல்லை, பாளைக்கத்தியைத் தூக்கவும் இல்லை. மறுஞாயிறு இருவரும் லிங்கிக் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த யாக்கூப் ராவுத்தரிடம் போனார்கள். ஊருக்குக் கடிதம் எழுதித் தருகிறவர் அவர்தான். ராவுத்தர் கடைக்கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, தோட்டத்து ஆட்களின் புகாரை விசாரிக்கும் லேபர் துரைக்கு மனு எழுதினார். எழுதி முடித்ததும், இதைக் கொடுத்தால் இந்தத் தோட்டத்தில் உங்களுக்குச் சோறு இல்லை என்று சொன்னார். பஞ்சாலை தபால் எங்கே போடுவது என்று கேட்டாள்.

லேபர் துரை ஏப்ரலில் வந்தார். ஆப்பீஸ் மேசையில் ஆஸ்பத்திரிப் புத்தகம் திறந்து கிடந்தது. கண்டக்டர் திருநாவுக்கரசு ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"நம்ம டிரெசர் எழுத்து முத்து மாதிரி இருக்கும் துரை. ஒரு புள்ளி தப்பாது," என்றார்.

இது உன் எழுத்துதானா என்று துரை கேட்டார். ஆமாம் என்றார் இராஜமாணிக்கம். எழுதியிருப்பது சரிதானா என்று கேட்டார். சுவரில் கடிகாரம் பதினொன்று பத்தைக் காட்டியது. டாக்டரின் கையெழுத்து அடியில் இருந்தது. அதைப் பொய் என்று சொன்னால் டாக்டரையும் பொய்யராக்க வேண்டும். தோட்டத்து வீடு, ஆறு வயதில் ஒரு பையன், ஏழாம் மாதத்தில் வள்ளிநாயகி. இதையெல்லாம் அவர் நினைத்தாரா, அல்லது பிறகு நினைத்ததாக நினைத்துக்கொண்டாரா என்பது அவருக்கே தெரியாது. சரிதான் என்று சொல்லிவிட்டார். துரை எழுதிக்கொண்டார். வெளியே வராந்தாவில் பஞ்சாலை உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் வள்ளிநாயகி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். லயத்துப் பெண்கள் வழியாக அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முறத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"எனக்கு ஆகியிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் வந்த வழியே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனார்.

நாற்றங்காலிலிருந்து பஞ்சாலை ஓடிவந்ததைப் பார்த்த செல்லம்மா என்ற கிழவி, யார் சொல்லியும் வாயை மூடாததால், லேபர் துரை வழக்கை மாஜிஸ்டிரேட்டுக்கு அனுப்பினார். மே மாதம் சிரம்பானில் விசாரணை. கண்டக்டருக்கு ஒரு வெள்ளைக்கார வக்கீல். பஞ்சாலை முக்காட்டை எடுத்துவிட்டுத் தலை நிமிர்ந்து நின்று, அதே நாலு வாக்கியத்தைச் சொன்னாள். ஒரு சொல் மாறவில்லை. கூப்பிடு தூரத்தில் கூட்டம் வேலை செய்துகொண்டிருந்ததே, ஏன் சத்தம் போடவில்லை என்று வக்கீல் கேட்டார். கழுத்தை நெரித்துப் பிடித்திருந்தான், மூச்சே வரவில்லை, சத்தம் எப்படி வரும் என்றாள்.

பிறகு இராஜமாணிக்கத்தைக் கூப்பிட்டார்கள். இந்த முறை அவர் உண்மையைச் சொன்னார். புத்தகத்தில் இருப்பது பொய், நான்தான் எழுதினேன், அந்தப் பெண் விழவில்லை என்றார். பார்த்த காயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். மாஜிஸ்டிரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். தான் செய்ததைச் சரிசெய்துவிட்டோம் என்று கொஞ்ச நேரம் அவர் நம்பினார்.

வக்கீல் அவசரப்படவில்லை. ஏப்ரலில் துரையிடம் சொன்னது உண்மையா, இன்று சொல்வது உண்மையா என்று கேட்டார். இன்று சொல்வது. அப்படியானால் துரையிடம் பொய் சொன்னீர்கள். ஆமாம். புத்தகத்திலும் பொய் எழுதினீர்கள். ஆமாம். ஏழு வருஷப் புத்தகத்தில் இன்னும் எத்தனை பொய் இருக்கும்? வேறு ஒன்றும் இல்லை. அதை நாங்கள் யார் சொல்லி நம்புவது?

கடைசியாக ஒரு கேள்வி. இந்தப் பெண்ணின் கழுத்தில் காயம் பார்த்தீர்களா?

"பார்க்கலீங்க," என்றார் இராஜமாணிக்கம்.

அது உண்மைதான். துணியை எடுக்கச் சொல்லவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. உண்மையை மட்டுமே பேசுவது என்று தீர்மானித்து வந்தவர், கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டார். மாஜிஸ்டிரேட் தலை குனிந்து எழுதினார். கழுத்தில் காயம் இல்லை. இரண்டு விதமாகப் பேசும் சாட்சி. டாக்டர் கையெழுத்திட்ட பதிவு. வழக்குத் தள்ளுபடி.

படியில் இறங்கும்போது பஞ்சாலை அவரைத் தாண்டிப் போனாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சன்னாசி மட்டும் நின்று, கும்பிடுவதா வேண்டாமா என்று யோசித்ததுபோல் கையைப் பாதி தூக்கிவிட்டுப் போனான்.

வாரம் முடியுமுன் இரண்டு குடும்பமும் தோட்டத்தை விட்டு வெளியேறின. இராஜமாணிக்கத்துக்குப் பொய்ப் பதிவு எழுதியதற்காகச் சீட்டு கிழிந்தது. அந்தத் தண்டனையில் தப்பு இருந்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. திருநாவுக்கரசு சண்டை முடிந்து துரைமார் திரும்பும் வரை குதிரையில் இருந்தார். பிறகு பணம் சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போய் வீடு கட்டினார் என்று கேள்வி.

இராஜமாணிக்கம் சிரம்பானில் ஒரு மருந்துக் கடையில் காம்பௌண்டராகச் சேர்ந்து, மம்பாவில் வாடகைக்குக் குடியேறினார். பத்தொன்பது வருஷம் அதே கடை. வீட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று மணிக்கொருமுறை அளந்து சுவரில் எழுதுவார். பிள்ளை கீழே விழுந்து முட்டி உரிந்து வந்தால் எங்கே, எப்படி, எந்தக் கால் முதலில் என்று கேட்டுக் குடைவார். விழுந்தேன் என்ற பதிலை அவர் லேசில் ஏற்றுக்கொள்ள மாட்டார். பிள்ளைகளுக்கு அது பெரிய தொல்லை. காரணம் தெரியாது. வருஷா வருஷம் மார்ச் மாதத்தில் ஒருநாள் கடைக்குப் போகாமல், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து எழுதுவார் என்பது மட்டும் தெரியும்.

எழுதியதெல்லாம் அந்த ஒரே பதிவுதான். அன்றைக்கு எழுதியிருக்க வேண்டியதை எழுதிப் பார்த்தார். பெல்ஜியப் பெண்களின் புத்தகத்தில் இருந்தபடி பேர், வயது, இடம், நேரம், அவள் சொன்னது, தான் கண்டது. 1918ஆம் வருஷத் தாளில் இடது மணிக்கட்டில் நாலு விரல் தடம் என்று இருக்கிறது. 1922இலும் இடதுதான், விரல் மூன்று. 1926இல் வலது மணிக்கட்டு. 1927இல் வலது என்று எழுதி, அடித்து, பக்கத்தில் முதலெழுத்துப் போட்டு, இடது. 1930இல் அந்தக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை. 1932 மார்ச்சில் எழுதிய தாளில் பேரும் தேதியும் மட்டும்.

அந்த வருஷம் ஏப்ரலில், பஞ்சாலை புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறாள் என்று கடைக்கு வந்த ஒருவர் மூலம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார். மீதி நாலு மைல் நடந்தார். சட்டைப்பையில் பேனாவும் மைப்புட்டியும் இரண்டு தாளும்.

லயத்துக்குப் பின்னால் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. சன்னாசி செத்து மூன்று வருஷம். அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்காரச் சொன்னாள். வரக்கோப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். வந்த காரணத்தைச் சொல்ல வெகுநேரம் ஆனது. அதுவரை அவள் குழை கட்டி முடித்துவிட்டாள்.

மணிக்கட்டில் இருந்தது இடது கையா வலது கையா என்று கேட்டார். தனக்கு மறந்துவிட்டது என்றார்.

பஞ்சாலை கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தாள்.

"பதினஞ்சு வருஷம் கழிச்சு அத கேக்கவா நடந்து வந்தீங்க?"

"ஆமாம்மா."

"எந்தக் கையின்னு எனக்கும் ஞாபகம் இல்ல. கையில என்னா இருந்திச்சு? கழுத்துலதானே இருந்திச்சு. பத்து விரலும் இருந்திச்சு. எச்சி முழுங்க முடியாம எட்டு நாளு கஞ்சி குடிச்சேன். சன்னாசிதான் விளக்கெண்ண தடவுனாரு."

இராஜமாணிக்கம் கோப்பியைக் கீழே வைத்தார்.

"நான் பாக்கல," என்றார்.

"நீங்க எடுக்கச் சொல்லல. எடுப்பாருன்னுதான் சுத்திக்கிட்டு வந்தேன். வெளிய தெரிஞ்சா வழியிலயே கேப்பாங்க. டிரெசர் ஐயா எடுத்துப் பாப்பாரு, எழுதுவாருன்னு வந்தேன்." அவள் குரல் உயரவில்லை. "கோர்ட்டுக்குப் போறப்ப தடம் மறஞ்சுபோச்சு. நீங்க பார்த்தது ஒண்ணுதான் சாட்சின்னு அந்த வக்கீலு சொன்னான். நீங்க பாக்கலன்னீங்க."

பெட்டியின் விளிம்பை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததாகவும், கேட்டால் அவள் அதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டதாகவும், வள்ளிநாயகியிடம் பிற்பாடு ஒருமுறை சொன்னார்.

"எழுதட்டுமா?" என்றுதான் கேட்டார்.

"எந்தக் கோர்ட்டுக்கு?"

"எந்தக் கோர்ட்டுக்கும் இல்ல."

பஞ்சாலை புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். எழுதுங்க என்றாள்.

அவள் சொன்னாள், அவர் எழுதினார். தெரியாதது வந்த இடத்தில் தெரியாது என்றே எழுதினார். மணிக்கட்டு என்ற இடத்தில், எந்தக் கை என்று இருவருக்கும் நினைவில்லை என்று இருக்கிறது. கழுத்து என்ற இடத்தில், பரிசோதிக்கப்படவில்லை, தவறு டிரெசருடையது என்று இருக்கிறது. முடிந்ததும் வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தார். நாற்றங்காலில் பத்து மணி என்று வந்தபோது நிறுத்தி, ஒன்பது மணிச் சங்கு அப்போதுதான் ஊதியது என்றாள். அவர் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, திருத்தி, பக்கத்தில் முதலெழுத்தைப் போட்டார்.

"விழுந்ததா எங்கயாச்சும் இருக்கா?"

"இல்லம்மா."

"நல்லா பாருங்க."

அவர் மறுபடியும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் பார்த்தார். இல்லை என்றார்.

பஞ்சாலை இடது கைக் கட்டைவிரலை நீட்டினாள். அவர் மைப்புட்டியைத் திறந்து, அதில் தன் கைக்குட்டை நுனியை நனைத்து, அவள் விரலில் தடவினார். தாளின் அடியில், தோட்டத்துப் புத்தகத்தில் டாக்டர் கையெழுத்துப் போடும் இடத்தில், அவள் விரலை வைத்து அழுத்தினாள்.